கிணறும் களப்பும் கடலும் ஒரே கணக்குத்தான்



கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்புக் களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் இந்த மணலின் மேல்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் இருந்தும் நம் கொட்டுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. இது எங்கிருந்து வருகிறது?

மழையிலிருந்துதான். மாரி மழை மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் பாரம் குறைந்தது. அதனால் அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. 1880களின் இறுதியில் ஒல்லாந்து இராணுவ அதிகாரி படோன் கைபனும், 1901இல் ஜெர்மனியரான ஹெர்ஸ்பெர்க்கும் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு அடி உயர்ந்திருந்தால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கலாம். மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு பல அடி மேலேறும்.

2004 டிசம்பர் 26இல் இந்தக் கணக்கை நம் கரையோரம் அனுபவத்தில் கண்டது. சுனாமி அலை ஆயிரக்கணக்கான கிணறுகளில் கடல் நீரையும் சேற்றையும் நிரப்பியது. உதவிக்கு வந்தவர்களும் ஊராரும் மோட்டர் வைத்துக் கிணறுகளை இறைத்தார்கள். சேறு போனது, உப்பு போகவில்லை. திரும்பத் திரும்ப இறைத்த சில இடங்களில் அடியிலிருந்த உப்பும் மேலே வந்தது. அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்று நீரியல் நிபுணர்கள் எச்சரித்தார்கள். மாதக்கணக்கில் பவுசர் தண்ணீருக்காகக் குடங்களோடு வரிசையில் நின்றோம். கடைசியில் கிணறுகளைக் கழுவித் தந்தது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். மணல் மழையைக் குடித்தது. உப்பு மெல்ல மெல்லக் கடலுக்கும் களப்புக்கும் வடிந்தது.

இந்த வடிகாலைத்தான் நாம் மறந்துவிட்டோம். மணலுக்குள் இருக்கும் தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மாரியில் களப்பு நிறைந்தால் ஓரத்துக் கிணறுகளிலும் தண்ணீர் ஏறும். முகத்துவாரம் திறந்து களப்பு வடிந்தால் அவையும் இறங்கும். அதேபோல் நம் மலசலகூடக் குழியிலிருந்து கசிவது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும், மீன் பிடிக்கும் களப்புக்கும் போகும்.

இன்று என்ன செய்கிறோம்? முற்றம் முழுக்கக் கொங்கிறீட் போடுகிறோம். மழை மணலுக்குள் இறங்காமல் வடிகானில் ஓடிவிடுகிறது. களப்போரத்தைக் குப்பையாலும் மண்ணாலும் நிரப்பிக் காணியாக்குகிறோம். குழாய் நீர் வந்ததும் பழைய கிணற்றைக் குப்பைக் குழியாக்கியவர்களும் உண்டு. சுனாமி ஒரே நாளில் செய்ததை நாம் ஆறுதலாகச் செய்துகொண்டிருக்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான். உப்பை மழை கழுவியது. ஆனால் ஒவ்வொரு நாளும் இறங்கும் அழுக்கை எந்த மாரி கழுவி முடிக்கும்?

கிணறு வெட்டிக் கொடுப்பதை சதகா ஜாரியாவாக நினைக்கும் சமூகம் நாம். கிணற்றுக்குள் வரும் தண்ணீரைக் காப்பதும் அதில் சேர்ந்ததுதான். வருகிற மாரிக்கு முன் முற்றத்தில் கொஞ்சம் மணலை மணலாகவே விட்டு வையுங்கள். கூரைத் தண்ணீரை அதில் இறங்க விடுங்கள். புதிதாகக் குழி வெட்டுபவர்கள் தங்கள் கிணற்றை மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணற்றையும் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.