கரண்டியும் தராசும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையை விட்டு உள்ளே இரண்டு மைல் தள்ளி ஒரு சிற்றூர். உறவினர் வீட்டு விசேஷத்துக்காக அங்கே போயிருந்தேன். விருந்துச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் அங்கன்வாடி, அதன் வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஆயா சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். மூன்று வயதுப் பையன் ஒருவன் தட்டை வழித்துத் தின்றுவிட்டு மறுபடியும் நீட்டினான். ஆயா அரைக் கரண்டி போட்டார். பக்கத்திலிருந்த பெண் குழந்தையோ பாதியைத் தின்றுவிட்டு, மீதியில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆயா அவளை அதட்டவில்லை. "போதுமா கண்ணு?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்குமே, அம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குங்க சார். எம்பது கிராம் அரிசி. அது அண்டாவுக்குக் கணக்குங்க. தட்டுக்குப் புள்ளதான் கணக்கு."

அந்த அம்மாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதில் பெரும் பகுதி துக்கமான சரித்திரம்.

தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல். அதற்கு முன் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. அதற்கும் முன்னே பாராமகால். 1792-ல் திப்புவிடமிருந்து இந்தச் சீமை கும்பெனியார் கைக்கு வந்ததும் அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். மண்ணை அளக்க அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட ராஜாங்கத்துக்கு, மனிதர் வயிற்றை அளக்க வேண்டிய அவசியம் 1876-ல்தான் வந்தது. நம் பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் அதுதான்.

மழை பொய்த்தது. சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான பேர் நிவாரண வேலைக்கு வந்து குவிந்தார்கள். செலவைப் பார்த்துக் கவலைப்பட்ட வைஸ்ராய் லிட்டன், 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பிவைத்தார். டெம்பிள் துரை கூலியைக் குறைத்தார். வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் அரையணாவும். ஏழு வயதுக்கு மேற்பட்டு வேலை செய்யும் பிள்ளைக்கு அரை ராத்தல் தானியத்தின் விலையும் காலணாவும்.

அரை ராத்தல் என்பது ஏறக்குறைய 227 கிராம். எந்தத் தானியமானாலும் அதிலிருந்து கிடைப்பது சுமார் 800 கலோரிதான். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,700 கலோரி வேண்டும் என்பது இன்றைய கணக்கு. அதாவது மண் சுமக்கும் பிள்ளைக்குப் பாதி வயிறுகூட இல்லை. அந்தக் காலணாவுக்குப் பஞ்ச காலத்து விலையில் என்ன கிடைத்திருக்கும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இதை எதிர்த்து ஓர் ஆங்கிலேயரே வாதாடினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ். வெறும் தானியம் போதாது, பருப்பு வேண்டும், உழைக்கிறவனுக்கு அதிகம் வேண்டும் என்பது அவர் கட்சி. டெம்பிள் காகிதத்தில் கணக்குப் பார்த்தார். கார்னிஷ் மனிதர்களின் உடம்பைப் பார்த்தார். சில மாதங்களில் சென்னை அரசாங்கம் கூலியைக் கூட்டியது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. 1871 ஜனக்கணக்கில் சேலம் ஜில்லாவின் மக்கள் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் சுமார் 16 லட்சம்.

இந்தப் பஞ்சம் சர்க்கார் காகிதத்தோடு போகவில்லை. வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. என் பாட்டி தன் பாட்டியிடம் கேட்டதை எங்களுக்குச் சொல்லுவாள்: "தட்டுல மிச்சம் வெச்சா தாது வருஷம் திரும்பி வரும்டா." அந்தப் பயத்தில் நாங்கள் மூச்சுத் திணறத் தின்றிருக்கிறோம். நான் தகப்பனான பிறகு என் மகளையும் அப்படித்தான் உட்காரவைத்தேன். மூன்று வயதுக் குழந்தை வாய் நிறையக் களியை அடக்கிக்கொண்டு, விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் பயந்து, கண்ணீரோடு என்னைப் பார்த்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை. குறைத்துப் போட்டவர் டெம்பிள், திணித்தவன் நான். இருவரும் குழந்தையைப் பார்க்கவில்லை என்பதில் மட்டும் ஒற்றுமை.

பஞ்சத்துக்குப் பின் விஞ்ஞானம் வந்தது. குன்னூரில் மெக்காரிஸன் தொடங்கிய உணவு ஆராய்ச்சியை 1935 முதல் அய்க்ராய்டு நடத்தினார். 1958-ல் அந்தக் கூடம் ஹைதராபாத்துக்குப் போயிற்று. உணவு ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. உட்கார்ந்து வேலை செய்யும் ஆண் ஒருவனை 1 என்று வைத்துக்கொண்டால், ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு 0.4, ஐந்து வயது வரை 0.5, ஏழு வரை 0.6, ஒன்பது வரை 0.7. நம் படி, உரி, உழக்கு, ஆழாக்கு மாதிரிதான் இதுவும். ஊருக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று சொல்ல உத்தமமான கணக்கு. இன்று காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு எத்தனை கரண்டி என்று அது சொல்லாது. சொல்வதாக அது பாவனை பண்ணவும் இல்லை.

சோறு போடும் காரியம் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1920-ல் சென்னை நகரசபை, தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போடத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. அளவு வயிற்றிலிருந்து வரவில்லை, பணப்பையிலிருந்து வந்தது. ஆனாலும் சோறு வந்தது. 1956-ல் காமராஜர் ஊர் மக்களின் கொடையைக்கொண்டு அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் பள்ளிக்கூடம் எட்டாத இரண்டு வயதுப் பிள்ளையையும் பந்தியில் உட்காரவைத்தது. 80 கிராம் என்ற கணக்கு அந்தச் சிறிசுகளுக்காக ஏற்பட்டதுதான்.

இந்த 80 கிராமை நான் ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காகும். 240 கிராம் சோறு. குழந்தையின் இரைப்பை உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 கிராம் கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பன்னிரண்டு கிலோப் பிள்ளைக்கு 360 கிராம். சோறு, பருப்பு, முட்டை எல்லாம் சேர்ந்தால் வயிறு நிறைந்துவிடுகிறது. கணக்குப் போட்டவர் கெட்டிக்காரர்தான்.

நம் கேழ்வரகுச் சீமையின் சங்கடமும் இங்கேதான் இருக்கிறது. மாவைக் கெட்டியாகக் கிண்டினால் சின்னப் பிள்ளையால் விழுங்க முடியாது. தண்ணீர் விட்டுக் கூழாக்கினால், சத்து சேருவதற்குள் வயிறு நிறைந்துவிடும். பிள்ளை "போதும்" என்கிறது. தாயும் போதும் என்று நம்பிவிடுகிறாள். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கஞ்சி கெட்டிப்படாமல் இளகும். அதே டம்ளரில் அதிக மாவு கரையும். ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்தால் இன்னும் விசேஷம். ஆகவே எவ்வளவு என்பதற்கு முன்னால் எது, எத்தனை தரம் என்ற கேள்விகள் வருகின்றன. பெரியவனுக்கு மூன்று வேளை என்றால் சிறுசுக்கு ஐந்து வேளை வேண்டும்.

அப்படிப் பெரியவர்கள் நல்லதை மட்டும் எடுத்து வைத்துவிட்டால், அளவைப் பிள்ளையிடம் விட்டுவிடலாமா? அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மாது 1920-களில் இதைச் சோதித்தார். பால் மறந்த பிள்ளைகள் பதினைந்து பேருக்கு எதிரில் முப்பத்துநாலு தினுசு உணவை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஒரு நாள் ஒன்றை அள்ளித் தின்றன, மறுநாள் தொடவில்லை. ஆனால் எல்லாம் நன்றாக வளர்ந்தன. பரப்பி வைத்ததில் கெட்டது எதுவும் இல்லை என்பதுதான் அதன் ரகசியம் என்று அந்த மாதே சொன்னார். மிட்டாய்க் கடையில் உட்காரவைத்துவிட்டு இந்தப் பரீட்சையை யாரும் செய்துபார்க்க வேண்டாம்.

1980-ல் மதுரைப் பக்கம் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இன்னொரு நல்ல காரியம் செய்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் தராசில் போட்டு நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துமாவு உருண்டை கொடுத்தார்கள். டெம்பிளின் தராசில் தானியம் இருந்தது. இந்தத் தராசில் குழந்தை இருந்தது. கார்னிஷ் உடம்பைப் பார் என்று கேட்டதற்கு நூறு வருஷம் கழித்துக் கிடைத்த பதில் இது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ராஜாங்கம் போடும் கணக்கு, இதற்குக் கீழே போகக்கூடாது என்று கிழிக்கிற கோடாக இருக்க வேண்டும். இதற்கு மேலே கேட்கக்கூடாது என்று கிழித்தால் அது தாது வருஷம். மேல் கோட்டைக் கிழிக்கும் உரிமை பிள்ளைக்கு. அது சொல்வது சரிதானா என்று மாதம் ஒரு முறை தராசைக் கேட்டுக்கொள்ளலாம்.

நான் எழுந்தபோது, அந்தப் பெண் குழந்தை கோலம் போட்ட சோற்றை ஆயா ஒரு கிண்ணத்தில் வழித்தார். வாசலில் கோழிகள் காத்திருந்தன. விருந்து வீட்டில் என் மகள், இப்போது பெரியவள், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதி இலையிலேயே "போதும்ப்பா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.