தோற்புற்றும் மருத்துவ மாணாக்கரும்

உடலினுள் மறைந்து வளரும் நோய்களை அறிய மருத்துவர்க்குக் கருவிகள் பல வேண்டும். ஈரலிலோ குடலிலோ தோன்றும் கட்டியை வெறுங்கண்ணாற் காண இயலாது. தோலில் தோன்றும் புற்றுநோயோ அத்தகையதன்று. அது நோயாளியின் கண்ணெதிரே தோன்றிக் கண்ணெதிரே வளர்கிறது. எனினும், அதனை இன்னதென்று அறியாது விட்டமையால் மாண்டோர் பலர். இதற்குக் காரணம் யாது? காண்பது வேறு; கண்டறிவது வேறு. கண்டறியும் ஆற்றல் கற்பித்தாலன்றி வாராது. தோற்புற்றைப் பற்றிய மருத்துவ வரலாற்றை நோக்கின், அஃது ஆசிரியரும் மாணாக்கரும் தம் கண்களைப் பழக்கிய வரலாறாகவே விளங்குகின்றது.

புகைக்கரி கற்பித்த பாடம்

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர். லண்டன் மாநகரின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பணிபுரிந்த இவர், மாணாக்கர் பலரைப் பயிற்றிய நல்லாசிரியருமாவார். அக்கால இங்கிலாந்தில், வீடுகளின் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்ய ஏழைச் சிறுவர்களை ஏவுவது வழக்கம். குறுகிய புகைபோக்கிகளுள் ஏறி இறங்கிய அச்சிறுவர்தம் மேனியெங்கும் கரி படிந்தது. குளியலோ அவர்க்கு அரிதாயிருந்தது. அவர்கள் வளர்ந்து ஆளான பின்னர், விதைப்பையின் தோலில் புண் தோன்றிப் புற்றாக முற்றியது. அதனை மேகநோய் என மயங்கிப் பாதரசம் கொடுத்தவர் உண்டு. பாட் தம் நோயாளிகளின் புண்ணை மட்டும் நோக்கவில்லை. அவர்தம் தொழிலையும் நோக்கினார். தோலின் மடிப்புகளில் தங்கிய புகைக்கரியே அந்நோய்க்குக் காரணம் என்று 1775-ஆம் ஆண்டில் எழுதினார். ஒருவர் செய்யும் தொழிலே அவர்க்குப் புற்றைத் தரக்கூடும் என்பதை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்தது அப்போதுதான்.

காரணம் தெரிந்தால் தடுக்கும் வழியும் தெரிந்துவிடும். ஆனால், தெரிந்த வழியில் நாடு நடப்பதற்குக் காலம் பிடித்தது. எட்டு வயதிற்குட்பட்ட சிறுவரை இத்தொழிலில் சேர்த்தலாகாது என 1788-ஆம் ஆண்டில் எழுந்த சட்டம் ஏட்டளவில் நின்றது. சிறுவரைப் புகைபோக்கியில் ஏற்றும் கொடுமையை ஒழிக்க வல்ல சட்டம் 1875-ஆம் ஆண்டில்தான் வந்தது. இடைப்பட்ட நூறாண்டுகளில் கெட்ட உயிர்கள் எத்தனையோ! 1892-ஆம் ஆண்டில் ஹென்றி பட்லின் என்னும் அறுவை மருத்துவர், ஐரோப்பாவின் பிற நாடுகளில் இதே தொழில் செய்வோரின் நிலையை ஆராய்ந்தார். மேனியை மூடும் ஆடையணிந்தும் உடலைத் தூய்மையாக வைத்தும் வந்தோரிடை அந்நோய் அரிதென்பது புலனாயிற்று. 1915-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்களாகிய யமாகிவாவும் இச்சிகாவாவும், முயலின் காதில் நிலக்கரித் தாரைப் பன்முறை தடவிப் புற்றை உண்டாக்கி, பாட் கூறிய கருத்துக்கு ஆய்வுகூடச் சான்றளித்தனர்.

குடுவையில் கிடந்த கட்டி

பாட்டிடம் பயின்றவருள் ஒருவர் ஜான் ஹண்டர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அவர், 1787-ஆம் ஆண்டில், 35 வயதினர் ஒருவரின் தாடைப் பகுதியில் மீண்டும் வளர்ந்த கட்டியொன்றை அறுத்தெடுத்தார். அதன் தனி இயல்பு அவருக்கும் விளங்கவில்லை. எனினும் அதனை எறிந்துவிடாது குடுவையிலிட்டுக் காத்தார். 181 ஆண்டுகளுக்குப் பின், 1968-ஆம் ஆண்டில், அதனை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, அது தோற்புற்றுகளுள் மிகக் கொடிய கருநிறப் புற்றாகிய மெலனோமா எனத் தெரியவந்தது. பேரறிஞர் கையிலேயே இருந்த நோய், பெயரின்றிக் கிடந்தது.

அந்நோய்க்குத் தனியிடம் வகுத்தவர் ஒரு மாணாக்கர் என்பது எண்ணி மகிழத்தக்கது. நெஞ்சொலி கேட்கும் குழாயாகிய ஸ்டெதஸ்கோப்பைப் பின்னாளில் உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், 1804-ஆம் ஆண்டில் பாரிசில் மருத்துவ மாணவராக இருந்தபோதே இக்கரிய கட்டிகளைப் பற்றி உரையாற்றினார். கருமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அதற்குப் பெயரும் அமைத்தார். 1820-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் நோரிஸ், தந்தைக்கு வந்த நோய் மகனுக்கும் வந்ததைக் கண்டு, இது குடும்பவழி வரக்கூடும் என ஐயுற்றார். 1840-ஆம் ஆண்டில் சாமுவேல் கூப்பர், தொடக்கத்திலேயே அறுத்தெடுத்தாலன்றி உய்வில்லை என எழுதினார். அக்கருத்துக்கு அளவுகோல் தந்தவர் அமெரிக்கராகிய அலெக்சாண்டர் பிரெஸ்லோ. கட்டி தோலினுள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதைப் பொறுத்தே நோயாளியின் வாழ்வு அமைகிறது என்று 1970-ஆம் ஆண்டில் அவர் காட்டினார். மில்லிமீட்டர் கணக்கில் உயிர் ஊசலாடும் நோயில், காலந்தாழ்த்தாது கண்டறிதலே பெருமருந்து.

கதிரவனும் நான்கெழுத்தும்

வெண்ணிறத் தோலினர் பெருகி வாழும் ஆஸ்திரேலியாவில் இந்நோய் மிகுதி. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அவர்களிடையே இந்நோயால் நேரும் சாவு மிகுகிறது என்று 1956-ஆம் ஆண்டில் லான்காஸ்டர் என்னும் புள்ளியியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். பழி கதிரவன் மேல் விழுந்தது. 1981-ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தில் ஓர் இயக்கம் எழுந்தது. சட்டை அணிக, வெயில் காக்கும் களிம்பு பூசுக, தொப்பி வைக்க என மூன்றே கட்டளைகளை, கடற்பறவையொன்று ஆடிப்பாடும் படத்தின் வாயிலாகச் சிறுவர்க்கும் அது கற்பித்தது.

மருத்துவ மாணாக்கர்க்கும் அத்தகைய சுருக்கமான பாடம் வாய்த்தது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1985-ஆம் ஆண்டில், ஆங்கில நெடுங்கணக்கின் முதல் நான்கு எழுத்துகளான ஏ, பி, சி, டி ஆகியவற்றில் நோயின் குறிகளை அடக்கினர். மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாமை, விளிம்பு சீராக இல்லாமை, நிறம் பலவாகக் கலந்திருத்தல், குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேற்படுதல் என்பனவே அவை. நாளடைவில் மாறிவருதல் என்னும் ஐந்தாம் குறி 2004-ஆம் ஆண்டில் சேர்ந்தது. நூலுக்கு அழகாக நன்னூலார் சுருக்கத்தையும் விளக்கத்தையும் சேர்த்துக் கூறுவதை அறிந்த தமிழாசிரியர்க்கு இம்முறையின் சிறப்பு எளிதிற் புலனாகும்.

ஆயினும், வாய்பாடு மனப்பாடமானால் மட்டும் கணக்கு வந்துவிடாது. நோயாளியின் தோலை உச்சி முதல் உள்ளங்கால் வரை தம் கையாலும் கண்ணாலும் ஆராய்ந்து பழகாமலே பட்டம் பெறும் மாணாக்கர் பலர் உளர் என்பது 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்றால் வெளிப்பட்டது. நோய்க்குறி ஏதுமில்லாதார் அனைவரையும் சோதிப்பதால் நன்மை மிகுமா என்பதற்கும் சான்று போதாது என, அந்நாட்டின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2023-ஆம் ஆண்டில் கூறியது. யாரை, எப்போது, எங்கு நோக்க வேண்டும் என்ற தெளிவே இன்று மாணாக்கர்க்கு வேண்டுவது.

கருமேனியில் காண்பது எவ்வாறு?

இங்கேதான் பாடநூலின் குறை தெரிகிறது. கருநிறத் தோலினர்க்கு மெலனோமா அரிது. அரிதென்பதாலேயே அது ஐயுறப்படுவதில்லை. வெயில் படும் முகத்திலும் தோளிலுமன்றி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் அது தோன்றுவதுண்டு. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் இந்நோய் இருப்பது 1977-ஆம் ஆண்டில் தெரிந்தது. பந்தாட்டத்தில் பட்ட காயமென்றே அது முதலில் கருதப்பட்டது. 1981-ஆம் ஆண்டில், 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். வெண்ணிற மேனியின் படங்களை மட்டுமே கண்டு பழகிய கண், கருமேனியில் உள்ள அதே நோயைக் கண்டும் காணாததாகிவிடுகிறது.

இக்குறையை எடுத்துரைத்தவரும் ஒரு மாணாக்கரே. லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற மலோன் முகுவெண்டே, தாம் கற்கும் தோற்குறிகள் கருநிறத் தோலில் எவ்வாறு தோன்றும் என வினவினார். விடை எளிதிற் கிடைக்கவில்லை. அவரும் அவருடைய ஆசிரியர் இருவரும் சேர்ந்து, கரிய, மாநிறத் தோல்களில் தோன்றும் நோய்க்குறிகளை விளக்கும் கையேடொன்றை 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஹண்டரின் குடுவையும் முகுவெண்டேயின் வினாவும் ஒன்றையே உணர்த்துகின்றன. கண்முன் உள்ள பொருளும் கற்பிக்கப்படாதவரை காணாப் பொருளே. மாணாக்கன் வினவ அஞ்சாமலும், ஆசிரியர் அவனோடிருந்து விடை தேட நாணாமலும் இருக்கும் வகுப்பறையில்தான் கண்கள் திறக்கின்றன. அங்குத் திறக்கும் கண்கள் காப்பவை உயிர்கள்.