விதித்தாள் கிழிய முன்னம்

சித்திரை வருஷப்பிறப்பு என்றால் மருத்துநீர், கைவிசேஷம், பொங்கல் என்று எண்ணிக்கொண்டு போய், அடுத்ததாக நாங்கள் சொல்வது விளையாட்டைத்தான். போர்த்தேங்காய், மாட்டுவண்டிச் சவாரி, கிளித்தட்டு எல்லாம் வெளியிலே. வெய்யில் ஏறினால் திண்ணையிலே தாயம், பல்லாங்குழி, நாயும் புலியும். இலண்டன் குளிருக்குள் சவாரி விட வழியில்லை. ஆனால் பலகை விளையாட்டுக்கு ஒரு மேசை போதும். அந்த விளையாட்டுக்களின் விதிகள் எப்படித் தப்பிப் பிழைக்கின்றன, எப்படித் தொலைகின்றன என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் விளையாட்டுப் பெட்டிகள் அடுக்கிய அலுமாரி ஒன்று உண்டு. அதன் திறப்பு சில வருஷங்களாக என்னிடம். காய் தொலைந்தால் ஒரு பொத்தானை வைத்து விளையாடலாம். தாயக்கட்டை தொலைந்தால் புதிது வாங்கலாம். முதலில் நைந்துபோவது விதித்தாள்தான். மடித்த இடத்தில் வெடித்து, தேத்தண்ணி ஊறி, கடைசியில் அரைத்தாள் மிஞ்சும். மற்ற அரைவாசியைப் பிள்ளைகள் தாங்களே இயற்றிவிடுவார்கள்!

இதற்கு நல்ல உதாரணம் மொனொப்பொலி. லீட்ஸ் நகரத்து வாடிங்டன்ஸ் கம்பனி 1930களின் நடுப்பகுதியில் இலண்டன் வீதிப் பெயர்களோடு அதை வெளியிட்டது. காய் வந்து நின்ற காணியை அந்த ஆள் வாங்காவிட்டால் வங்கி அதை ஏலத்தில் விடவேண்டும் என்பது அச்சிட்ட விதி. எத்தனை வீட்டில் ஏலம் விடுகிறார்கள்? தண்டப் பணத்தை எல்லாம் நடுவிலே குவித்து, இலவசத் தரிப்பிடத்தில் நிற்பவருக்குக் கொடுப்பது பல வீட்டு வழக்கம். அது விதித்தாளில் இல்லவே இல்லை. தாள் போனால் விளையாட்டு நிற்காது. வேறொன்றாக மாறிவிடும்.

அச்சிட்ட விளையாட்டுக்கே இந்தக் கதி என்றால், ஒருபோதும் அச்சேறாத எங்கட விளையாட்டுக்களின் கதி என்ன?

சங்க காலத்தில் வல் என்றொரு பலகை விளையாட்டு இருந்தது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் அந்தச் சொல்லுக்கென்றே விதி இருக்கிறது. நாய், பலகை என்ற சொற்கள் பின்னால் வந்தால் எப்படிப் புணரும் என்று அது சொல்கிறது. வல்லநாய், வல்லப்பலகை என்பார்கள். இங்கே நாய் என்றால் ஆட்டக்காய். புறநானூற்றின் 52ஆம் பாட்டு இன்னும் மனதைத் தொடுவது. போரால் பாழான ஊரின் மன்றத்தில், நரைத்த கிழவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லாடும் இடத்திலே காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது என்கிறார் புலவர். ஊரை விட்டு வந்த எங்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆனால் வல்லை எப்படி ஆடினார்கள்? எத்தனை காய், எவர் வெல்வார்? அந்த இரண்டு இடத்திலும் அது இல்லை. சொல் புணரும் விதி எழுதப்பட்டது. ஆடும் விதியை எல்லோருக்கும் தெரியும்தானே என்று விட்டிருப்பார்கள்.

சொல் விதியாவது தப்பியது எப்படி? ஏடு நைய நைய யாரோ புது ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். பிறகு அச்சுக்கு வந்தது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தொல்காப்பியத்தின் பகுதிகளையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தவர். தொட்டால் ஒடிந்து விழும் ஏடுகளைப் பற்றி அவர் எவ்வளவு வருத்தத்தோடு எழுதினார் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். பழைய தாள் போகும் முன் புதுத்தாள் வரவேண்டும் என்பது எங்கள் முன்னோர் செய்து காட்டிய வேலை.

இனி நாங்கள் வாழும் இந்த நகரத்துக்கு வருவோம். பிரித்தானிய நூதனசாலையில் ‘ஊர்’ நகரத்து அரச ஆட்டப் பலகை இருக்கிறது. பெயரைப் பாருங்கள், ஊர்! இன்றைய ஈராக்கில் 1920களில் லெனாட் வூலி தோண்டியெடுத்தது. வயது ஏறத்தாழ 4,500 வருஷம். இருபது கட்டம். பலகை கிடைத்தது, விதி கிடைக்கவில்லை. ஆனால் கி.மு. 177 அளவில் இத்தி-மர்துக்-பலாத்து என்ற பாபிலோனிய எழுத்தர், அந்த ஆட்டத்தின் பிந்திய வடிவத்துக்கான விதிகளைக் களிமண் பலகை ஒன்றில் எழுதி வைத்திருந்தார். அது 1880இல் நூதனசாலைக்கு வந்தும் நூறு வருஷமளவு சும்மா கிடந்தது. 1980களில் அங்கு வேலை செய்த ஏர்விங் ஃபிங்கல் அதை வாசித்தார். இன்று பிள்ளைகள் அந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். விதி எழுதிய இன்னொரு களிமண் பலகை போரிலே அழிந்தது. ஆனால் அதன் புகைப்படம் மிஞ்சியிருந்து அவருக்கு உதவியது.

1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை நினைக்காமல் இதைப் படிக்க முடியுமா? ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அதில் போயின. ஒரு பிரதி மட்டும் இருந்தால் இல்லாதது மாதிரித்தான்.

எங்கள் தீவின் பலகை விளையாட்டுக்களைப் படம் கீறி எழுதி வைத்தவர் நீர்ப்பாசன இலாகாவில் வேலை செய்த ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர். ‘பண்டைய இலங்கை’ பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1909இல் இலண்டனில் வெளிவந்தது. 1952இல் பலகை விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதிய எச். ஜே. ஆர். மறே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பார்க்கருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் எங்கட அம்மம்மாவின் திண்ணை வழக்கம் எல்லாம் அவருடைய புத்தகத்தில் அகப்படாது.

எங்கள் முதியோர் மதியபோசன நாளில் தாயம் விரிப்பது வழக்கம். போன மாதம் வடமராட்சி அம்மா ஒருவருக்கும் மன்னார் அம்மா ஒருவருக்கும் வாக்குவாதம். “ஒண்டையாவது வெட்டாமல் உள்ளுக்குப் போகேலாது” என்கிறார் ஒருவர். “எங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லை” என்கிறார் மற்றவர். இரண்டும் சரி. இரண்டு ஊர், இரண்டு வழக்கம். அவர்களுக்குப் பிறகு இந்த வாக்குவாதம் செய்யக்கூட ஆள் இருக்காது என்பதுதான் என் கவலை.

ஆகவே வாசகர்களே, மூன்று சின்ன வேலை கேட்கிறேன். ஒன்று, பெட்டி விளையாட்டு வாங்கிய அன்றே விதித்தாளைப் போட்டோக்கொப்பி எடுத்து, மூலத்தை வேறாக வையுங்கள். கிழிந்ததைச் செலோரேப்பால் ஒட்டாதீர்கள். அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். தொலைந்துவிட்டால் பல கம்பனிகள் விதிகளை இணையத்தில் போட்டிருக்கின்றன, அச்செடுத்து வையுங்கள். இரண்டு, வீட்டில் உள்ள பெரியவரை இருத்தி, தாயமோ நாயும் புலியுமோ ஒன்றை அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கட்டத்தைக் கீறுங்கள். எத்தனை சோகி, எந்த எண்ணுக்குக் காய் இறங்கும், எப்போது வெட்டலாம் என்று ஒன்றும் விடாமல் கேளுங்கள். சொன்னவரின் ஊரையும் திகதியையும் கட்டாயம் போடுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். மூன்று, பிரதி ஒன்று உங்களிடம் இருக்க, இன்னொன்றைச் சங்கத்துக்குத் தாருங்கள். சேர்த்துத் தட்டச்சுச் செய்து தர நான் தயார்.

தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போது எழுதுவது லேசு. பிறகு களிமண்ணைத் தோண்டவேண்டி வரும். அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.