இடாப்பில் ஏறிய முதல் பெயர்

கொக்கிளாயில் நாங்கள் மீளக் குடியமர்ந்த வீட்டு விறாந்தையில் இருந்து, வாக்காளர் இடாப்புக்கான பிசி படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மம்மா, சுளகில் இறாலைப் பரப்பிக் கோது கழற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்: “எங்கட ஊர்ப் பொம்பிளையளின்ர பேரை முதல் முதல் எப்ப மோனை எழுதினவங்கள்?”

1931 என்றேன்.

“ஆர் எழுதச் சொன்னது?”

அதற்கு என்னிடம் இருந்தது ஒற்றைச் சொல்: டொனமூர். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய பெயர். யார் அந்த டொனமூர்? கொழும்புக்கு அடுத்த முறை போனபோது தேசிய சுவடிகள் காப்பகத்தின் வாசிப்பறையில் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தேன்.

முதலில் கேட்டு எடுத்தது 1928இல் வெளியான விசேட ஆணைக்குழுவின் அறிக்கை. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் கட்டளைத் தாள் வரிசையில் 3131ஆம் இலக்கம். ஓர் அறிக்கையை வாசிக்க முன்னம் அதை எழுதியவர் எங்கிருந்து வந்தவர் என்று பார்ப்பது என் வழக்கம். ஆணையாளர்கள் நான்கு பேர்: டொனமூர் பிரபு, சேர் மத்தியூ நேதன், சேர் ஜெஃப்ரி பட்லர், டாக்டர் ட்ரமண்ட் ஷீல்ஸ். ஒவ்வொருவரின் பின்னாலும் போனேன்.

டொனமூர், ஐரிஷ் பிரபுக் குடும்பத்தவர். இயற்பெயர் ரிச்சர்ட் ஹெலி-ஹட்சின்சன். 1875இல் பிறந்தவர், அந்தப் பட்டத்தில் ஆறாவது ஆள். குடும்ப மாளிகை அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில், குளொன்மெல் நகருக்கு அருகே. 1913 முதல் 1948இல் இறக்கும்வரை அயர்லாந்து ஃபிரீமேசன்களின் தலைவராக இருந்தவரும் இவரே.

நேதன் லண்டனில் பிறந்த யூதர். அவருடைய தடமும் அயர்லாந்துக்கே போய் நின்றது. 1914 முதல் அவர் அயர்லாந்து நிர்வாகத்தின் துணைச் செயலாளர். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை, ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையில் தன் அலுவலக அறையில் இருந்தார். வாசலில் வெடி கேட்டது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் செத்து விழுந்தார். ஐரிஷ் எழுச்சி அப்படித்தான் அவருடைய காதில் விழுந்தது. எழுச்சியின் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்படத் தொடங்கிய அதே நாட்களில் அவர் பதவி விலகினார். 11 ஆண்டு கழித்து, 1927 நவம்பரில், அதே மனிதர் கொழும்பில் வந்திறங்கி, இன்னொரு தீவை எப்படி ஆள்வது என்று சாட்சியம் கேட்கிறார். அதிகாரத்தைக் காலந்தாழ்த்திக் கொடுத்தால் அது என்ன விலை கேட்கும் என்பதை நால்வரில் கிட்ட நின்று பார்த்தவர் இவர்தான்.

இதற்கு நடுவில் ஒரு தடம் என்னை வேறு பக்கம் இழுத்தது. 1903 முதல் 1907 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஹென்றி பிளேக் லிமரிக்கில் பிறந்தவர், ஐரிஷ் பொலிஸில் வேலையைத் தொடங்கியவர். யாழ்ப்பாணத்துக்கான ரயில் பாதை 1905இல் முழுமையானது இவருடைய காலத்தில். இவர் விட்டு வந்த ஹொங்கொங் ஆளுநர் பதவிக்கு அடுத்துப் போனவர் அதே நேதன்! இரண்டு நாள் இதிலேயே போயிற்று. ஆனால் பிளேக்கின் ரயில் வவுனியா, கிளிநொச்சி வழியே போனது, எங்கள் கரைப்பக்கம் வரவில்லை. கட்டி வைத்துவிட்டு அறிக்கைக்குத் திரும்பினேன்.

அதுவரை இலங்கையில் 100 பேரில் 4 பேருக்கு மட்டுமே வாக்கு இருந்தது. எழுத்தறிவும் சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கு. ஆணைக்குழு அந்த வேலியைப் பிடுங்கச் சொன்னது. ஆனால் ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 30 வயது என்று எழுதியது. 1927 டிசம்பரில் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா, தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் வாக்கு வேண்டும் என்று ஆணைக்குழுவின் முன் உறுதியாகச் சொன்னவர். பின்னர் சட்ட நிரூபண சபையின் விவாதத்தைத் தொடர்ந்து பெண்ணின் வயதும் 21 ஆயிற்று. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்காக வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைக்கும் முறையும் வந்தது. பனையோலை பின்னிய கையால் சீட்டை எடுத்து, விரும்பிய நிறத்துப் பெட்டியில் போட்டால் போதும்.

இதே அறிக்கைதான் இனவாரிப் பிரதிநிதித்துவத்தையும் ஒழித்தது. டொனமூர் என்றால் தமிழர் இனி இல்லை என்று பொருள், என அந்தப் பெயரை ஆங்கிலத்தில் பிரித்து அன்றைய தமிழ்த் தலைவர்கள் சொன்ன கசப்பு வெறும் சொல் விளையாட்டு அல்ல. தோட்டத் தமிழரின் வாக்கையும் வதிவிட நிபந்தனை சுருக்கிற்று. அம்மம்மாவுக்கு ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து 1931 மே மாதம். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் புதிய அரசுப் பேரவைத் தேர்தலுக்கு ஒரு நியமனப் பத்திரம்கூடத் தாக்கலாகவில்லை. முழு விடுதலை கேட்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் புறக்கணிப்பு அது. லண்டனில் இருந்தபடி அதைப் பாராட்டி எழுதியவர் பின்னாளில் இடதுசாரித் தலைவரான பிலிப் குணவர்தன. நான் உட்கார்ந்திருந்த காப்பகம் இன்று அவருடைய பெயரில் உள்ள வீதியில்தான் இருக்கிறது. அதற்கு முந்திய மாதம் நடந்த வாலிபர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இந்திய விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாய. அவரைத் தேர்தல் களத்துக்குள் இழுத்துவிட்டவர் யார் என்று தேடியபோது தடம் மறுபடியும் அயர்லாந்துக்குப் போயிற்று.

மார்கரெட் கசின்ஸ். 1878இல் ரொஸ்கொமன் மாவட்டத்துப் பொயில் என்ற ஊரில் பிறந்தவர், இசைப் பட்டதாரி. 1908இல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1913இல் பெண்களுக்கு வாக்குக் கேட்டு ஒரு கட்டடத்தின் யன்னல் கண்ணாடிகளை உடைத்து, துல்லமோர் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அந்தக் கட்டடம் டப்ளின் கோட்டை. அடுத்த ஆண்டு நேதன் வந்தமர்ந்த அதே கோட்டை. இந்த வரியை வாசித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

1915இல் மார்கரெட் இந்தியாவுக்கு வந்தார். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாக உழைத்தார். அந்த டிசம்பரில் இந்தியாவுக்கான பிரித்தானிய அமைச்சர் மொண்டேகுவைச் சென்னையில் சந்தித்துப் பெண்களுக்கு வாக்குக் கேட்ட குழுவும் அவருடைய ஏற்பாடுதான். 1926இல் கமலாதேவியைச் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் நிற்கத் தூண்டியவரும் அவரே. மிகச் சிறிய வித்தியாசத்தில் கமலாதேவி தோற்றார். 1932இல் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக மார்கரெட் வேலூர்ச் சிறைக்குப் போனார். 1954இல் இறக்கும்வரை அவர் இந்தியாவை விட்டு நிரந்தரமாகப் போய்விடவில்லை.

ஆக, வாக்கைக் கொண்டுவந்த ஆணைக்குழுவின் தலைவர் ஓர் ஐரிஷ் பிரபு. அந்த அரசியலமைப்பு போதாது என்று வடக்கு திருப்பி அனுப்பிய மாநாட்டின் தலைவியை வளர்த்தெடுத்தவர் ஓர் ஐரிஷ் பெண். இரண்டு கையும் ஒரே தீவில் இருந்து நீண்டவை. யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி அந்தப் புறக்கணிப்பில் சேரவில்லை, அதன் உறுப்பினர் 1931இலேயே அரசுப் பேரவைக்குப் போனார். களப்புக்கரையில் இருந்த எங்கள் ஊருக்குப் பேரவையில் ஓர் ஆள் இருந்தார். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு இல்லை.

ஊருக்குத் திரும்பி அம்மம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். கேட்டு முடித்து, “அப்ப என்ர அம்மான்ர பேர் அதில இருந்திருக்கும்” என்றார். 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டபோது வீட்டுப் பெட்டகமும் உறுதிகளும் போயின. போர் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது சுவரும் இல்லை.

ஆகவே இது என் வேண்டுகோள். எங்கள் ஊர் அடங்கிய கரிக்கட்டுமூலைப் பகுதியின் 1931, 1936ஆம் ஆண்டு வாக்காளர் இடாப்புத் தாள் ஒன்று, பழைய விதானைமார் வீட்டிலோ புலம்பெயர்ந்தவர் பெட்டியிலோ மடிந்து கிடக்கலாம். செல்லரித்த தாளானாலும் எறிந்துவிடாதீர்கள். படம் பிடித்து எங்கள் ஊர் வாசிகசாலைக்கு அனுப்புங்கள். அம்மம்மாவுக்கு 90 வயது கடந்துவிட்டது.