பிரசவ வலி: உடலுக்குள் நடப்பது என்ன?

"ஊரில் எல்லாரும்தான் பிள்ளை பெற்றார்கள், இவள் மட்டும் ஏன் இப்படிக் கத்துகிறாள்?" திட்டக்குடியானாலும் விருத்தாசலமானாலும், பிரசவ அறை வாசலில் இந்தப் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சு அவளுடைய வலியைக் கூட்டக்கூடும் என்பது சொல்பவருக்குத் தெரிவதில்லை.

கருப்பை சுருங்கிக் கருப்பைவாய் விரியும்போது அங்குள்ள நரம்புகள் முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கே குளூட்டமேட், 'சப்ஸ்டன்ஸ் பி' போன்ற வேதிப்பொருட்கள் அதை மூளைக்குக் கடத்துகின்றன. அப்போதுதான் வலி உணரப்படுகிறது.

குழந்தையின் தலை கருப்பைவாயை அழுத்த அழுத்த, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் கூடுதலாக வெளிவந்து சுருக்கத்தை வலுவாக்குகிறது. அதே சுரப்பி பீட்டா எண்டார்ஃபினையும் சுரக்கிறது. மார்ஃபின் செயல்படும் அதே ஏற்பிகளில் செயல்படும் இது, உடல் தானே தயாரிக்கும் வலிநிவாரணி. ஆனாலும் வலியை முழுமையாக நீக்க அது போதாது.

பயமும் அவமானமும் சேர்ந்தால் அட்ரினலின் உயர்கிறது. அது கருப்பைச் சுருக்கத்தைத் தளர்த்தி, பிரசவத்தை நீட்டிக்கக்கூடும். பிரசவம் நீண்டால் வேதனையும் நீளும்.

இதற்கு எளிய துணை, பக்கத்தில் ஒரு நம்பிக்கையான ஆள். 2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து துணை கிடைத்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது. பிரசவ நேரமும் வலிமருந்தின் தேவையும் குறைந்தன. தமிழக அரசு மருத்துவமனைகளில் பெண் உறவினர் ஒருவர் உடனிருக்கும் திட்டம் 2004லேயே தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் இதைப் பரிந்துரைத்தது.

வலிநிவாரணம் கேட்பது பலவீனமல்ல. முதுகில் செலுத்தும் எபிடூரல் மருந்து, நரம்பிலுள்ள சோடியம் வழிகளை அடைத்து வலிச்செய்தியைத் தடுக்கிறது. அது தேவையா, தனக்குப் பொருந்துமா என்பதை மருத்துவருடன் பேசி அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

பிரசவ வேதனையில் அன்னை மர்யம் (அலை) அவர்கள் மரணத்தையே விரும்பியதைக் குர்ஆனின் 19வது அத்தியாயம் மறைக்காமல் சொல்கிறது. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. ஆறுதலும் தண்ணீரும் பேரீச்சம்பழமும்தான் கிடைத்தன. நம் வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஆறுதலையாவது நாம் தரவேண்டாமா?