கரியில் ஓடிய பஸ்

இன்றைக்குக் காரில் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பத்து நிமிஷ வேலை. பழசைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டி விடுகிறோம். ஆனால் இன்ஜின் மூச்சு இழுக்கும் பாதையைச் சுத்தம் செய்வதே தினப்படி உத்தியோகமாக இருந்த காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கரிவாயு பஸ்களைத்தான் சொல்கிறேன். நம் கல்லூரி மலரில் பாடல் பெற்ற தலங்கள் பற்றியும் தறிகள் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கரி பஸ்ஸுக்கு ஆள் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பெட்ரோலுக்கு ரேஷன் 1941-லேயே வந்துவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மாதம் யேனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பே நாசம் செய்துவிட்டுக் கிளம்பியது. பர்மா எண்ணெயை நம்பியிருந்த இந்தியாவுக்கு இது பேரிடி. அஸ்ஸாமில் டிக்பாய் இருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கிடைத்ததிலும் மிலிட்டரிக்குத்தான் முதல் பங்கு.

நம்ம ஊர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1963-ல்தான். அதுவரை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் 20 கிலோமீட்டர் தள்ளி விருதுநகர் போக வேண்டும். நூல் உள்ளே வரவும் சேலை வெளியே போகவும் ரோடு ஒன்றே கதி. திருச்சுழிப் பக்கத்து வறண்ட கிராமங்களுக்கு அதுவும் அரைகுறை. பஸ் நின்றால் மறுபடி மாட்டு வண்டிதான்.

மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-லிருந்தே பஸ் தொழிலில் இருந்தவர். பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்ற கரிவாயு சாதனத்தைத் தயாரித்தார்கள். தத்துவம் அவர்களுடையது அல்ல. அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பெர்ட் என்பவர் 1920-களிலேயே விறகு வாயுவில் வண்டி ஓட்டும் உலையை உருவாக்கியிருந்தார். போர்க் காலத்தில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. இருந்தாலும் வெளிநாட்டு இறக்குமதி முடங்கிப்போன நேரத்தில், இங்கே கிடைத்ததை வைத்து இங்குள்ள பஸ்ஸுக்கு ஏற்றபடி செய்தது சாதாரண விஷயமா? என் கணக்கில் அதுதான் இன்ஜினீயரிங்.

விஷயம் இதுதான். வண்டியோடு ஒரு இரும்பு உலை. அதில் கரி. காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். அது எரியக்கூடிய வாயு. கொஞ்சம் ஹைட்ரஜனும் சேரும். பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். அதனால் இன்ஜினின் பவர் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ குறைந்துவிடும். மேட்டில் வண்டி திணறும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகச் சுமார் ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். காலையில் உலையைப் பற்றவைத்து, புளோயரைக் கையால் சுற்றி, வாயு நன்றாக எரிகிறதா என்று ஒரு குழாய் முனையில் கொளுத்திப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்ப முடியும்.

பவர் குறைந்தது பெரிய கஷ்டம் இல்லை என்பேன். உண்மையான எதிரி சாம்பல். உலையிலிருந்து வரும் வாயு சூடாகவும் தூசியோடும் வரும். அதை அப்படியே இன்டேக் மேனிஃபோல்டுக்குள் விட்டால் போச்சு. சாம்பலில் சிலிக்கா இருக்கிறது, அதாவது மணல். ஆயிலோடு கலந்து உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும். ரிங் தேயும், வால்வு சீட்டில் படியும், பிறகு கம்ப்ரஷன் நிற்காது. அதனால் வாயுவை முதலில் சுழலவிட்டுக் கனமான தூசியைக் கீழே தள்ளுவார்கள். பிறகு குழாய்களில் ஓடவிட்டு ஆறவைத்துத் துணியிலோ நாரிலோ வடிகட்டுவார்கள். துணியில்தான் சூட்சுமம். வாயு அதிகச் சூடாக வந்தால் பருத்தித் துணி கருகி ஓட்டை விழும். ரொம்ப ஆறிவிட்டால் ஈரம் படிந்து சாம்பல் களியாக அப்பிக்கொள்ளும். ரெண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கரி நனைந்திருந்தாலும் இதே தொல்லை. சரியாக வேகாத கரி என்றால் தார் வேறு வந்து குழாயில் பிசின் போல ஒட்டும்.

இதையெல்லாம் தினமும் யார் பார்ப்பது? கிளீனர்தான். உலையின் அடியில் கட்டிய கிட்டத்தை உடைத்து எடுப்பது, சாம்பலை அள்ளுவது, துணியை உதறுவது, குழாயைக் குடைவது. ஒரு நாள் விட்டாலும் வண்டி இழுக்காது. மோட்டார் சரித்திரத்தில் முதலாளி பெயர் வரும், சில சமயம் மெக்கானிக் பெயர் வரும், கிளீனர் பெயர் மட்டும் வராது. உயிருக்கும் ஆபத்தான வேலை அது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. இன்ஜின் ஓடும்போது உறிஞ்சுவதால் வெளியே கசியாது. நிறுத்திய பிறகு உலை கனன்றுகொண்டே இருக்கும், அப்போதுதான் கசியும். மூடிய ஷெட்டில் உலையைத் திறந்தால் தலைசுற்றலில் ஆரம்பித்துச் சாவில் முடியலாம்.

மூச்சுப்பாதை சுத்தம் எந்த இன்ஜினுக்கும் பொது. 1957-ல் ஜெர்மனியில் முதலில் ஓடிய ஃபெலிக்ஸ் வாங்கெலின் ரோட்டரி இன்ஜினையும், அதை வைத்து 1967-ல் மாஸ்டா விற்ற காஸ்மோ காரையும் மாணவர்கள் படித்திருப்பீர்கள். அதில் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. ஆனால் முக்கோண ரோட்டரின் முனைகளில் சீல் இருக்கிறது. உள்ளே தூசி போனால் அந்த சீல்தான் முதலில் அடிபடும்.

போர் முடிந்து பெட்ரோல் வரத்து சீரானதும் கரி உலைகள் கழற்றப்பட்டன. 1980-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விறகு வாயுவை வைத்து டீசல் இன்ஜின் ஓட்ட ஆராய்ச்சி நடந்தபோது பழைய பிரச்சினையே திரும்பி வந்தது: தாரும் தூசியும். ஒரு கனமீட்டர் வாயுவில் தூசி 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

கரிக்கு நம்மிடம் பஞ்சமில்லை. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுவது இன்றும் பிழைப்பு. மாணவர்கள் யாராவது புராஜெக்டுக்கு இதை எடுப்பதாக இருந்தால், உலையைப் பற்றி முப்பது பக்கம் எழுதுமுன் வடிதுணிக்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வைத்துவிடுங்கள். ஷெட் கதவையும் திறந்தே வையுங்கள்.