வாசகர் பயன் சார்ந்த நூல் சந்தைப்படுத்தல்

வாசகர் பயன் சார்ந்த நூல் சந்தைப்படுத்தல் என்பது, ஒரு நூலின் ஆசிரியர், பக்க அளவு, அச்சுத்தரம் ஆகியவற்றைக் காட்டிலும், அதைப் படிப்பவர் அடையும் பயனை முன்வைத்து நூலை விற்கும் முறை ஆகும். தலைப்பு, துணைத்தலைப்பு, பின்னட்டைக் குறிப்பு, விளம்பரம் ஆகியவற்றில் இது கையாளப்படுகிறது.

தமிழ் மரபில்

நூலின் பயனை முதலிலேயே கூறும் வழக்கம் தமிழில் பழமையானது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டியவையாக எட்டுச் செய்திகளைக் குறிப்பிடுகிறது. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நூல் நுவலும் பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றுள் இறுதி மூன்றும் நூல் எதைப் பற்றியது, யாருக்குரியது, அதனால் விளைவது என்ன என்பவற்றைக் கூறுகின்றன. இன்றைய பின்னட்டைக் குறிப்பின் பணியும் இதுவே.

பதினெண் கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய மூன்றும் மருந்துகளின் பெயர்களைக் கொண்டவை. மருந்து உடல் நோயைத் தீர்ப்பது போல இந்நூல்களின் கருத்துகள் உள்ளத்தின் நோயைத் தீர்க்கும் என்பது பெயர்க்காரணம். பயனைப் பெயரிலேயே உணர்த்தியமைக்கு இவை எடுத்துக்காட்டுகள்.

அச்சு நூல்களில்

சென்னை பாலாஜி பப்ளிகேஷன்ஸ் வெளியிட்ட மொழி கற்கும் கையேடுகள், 30 நாட்களில் ஒரு மொழியைக் கற்கலாம் என்பதைத் தலைப்பாகவே கொண்டவை. பயனும் அதற்கான காலமும் ஒருங்கே கூறப்படுவது இவற்றின் சிறப்பு. 2004இல் தொடங்கப்பட்ட கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட சோம. வள்ளியப்பனின் "அள்ள அள்ளப் பணம்" பங்குச்சந்தையை அறிமுகப்படுத்தும் நூலாகும். இதன் தலைப்பு துறையின் பெயரைச் சொல்லாமல் வாசகர் விரும்பும் விளைவைச் சொல்கிறது.

தலைப்பு மாற்றச் சோதனை

இம்முறையின் விளைவை எண்களால் காட்டியவர்களுள் இமானுவேல் ஹால்டெமன்-ஜூலியஸ் குறிப்பிடத்தக்கவர். இவர் 1919இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் "லிட்டில் புளூ புக்ஸ்" என்னும் மலிவு விலை நூல்வரிசையைத் தொடங்கினார். விற்பனை குறைந்த நூல்களுக்கு, உள்ளடக்கத்தை மாற்றாமல், புதிய தலைப்பு இட்டார். கோத்தியே எழுதிய "பொன் உரோமம்" எனப் பொருள்படும் கதை 1925இல் சுமார் 6,000 படிகள் விற்றது. பொன்னிறக் கூந்தல் கொண்ட காதலியைத் தேடுதல் என்ற பொருளில் தலைப்பு மாற்றப்பட்டபின், 1926இல் அதே கதை சுமார் 50,000 படிகள் விற்றது. சோப்பன்ஹவரின் வாதக்கலை பற்றிய நூலும் "தருக்க முறையில் வாதிடுவது எப்படி" என்ற பொருள்படும் தலைப்பைப் பெற்றபின் பெருமளவில் விற்பனையானது. தம் அனுபவங்களை அவர் 1928இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

செயல்முறை

பயனைக் கூறுமுன் வாசகர் யார் என்பதை வரையறுத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, உப்பு உற்பத்தி பற்றிய ஒரு நூலை மரக்காணம் உப்பளத் தொழிலாளிக்கும் வேதியியல் மாணவருக்கும் ஒரே வாசகத்தால் அறிமுகப்படுத்த இயலாது. முன்னவர் பாத்தியில் விளைச்சலைக் கூட்டும் வழியையும், பின்னவர் உப்பு படிகமாகும் முறையையும் எதிர்பார்ப்பர். "பயனுள்ள நூல்" என்ற பொதுக்கூற்று இருவருக்கும் எதையும் தெரிவிப்பதில்லை.

வரையறைகள்

கவிதை, புதினம் போன்றவற்றின் பயனை ஒரு வரியில் அடக்குவது கடினம். அவ்வாறு அடக்கினால் படைப்பின் இயல்பு திரிந்து தோன்றக்கூடும். மேலும், கூறப்படும் பயன் ஒரு வாக்குறுதி ஆகும். நூலை வாங்கிப் படித்து முடித்த பின்னரே அதன் உண்மையை வாசகர் அறிய முடியும் என்பதால், மிகைக்கூற்றின் இழப்பு அவரையே சேர்கிறது. குறிப்பாக உடல்நலம், முதலீடு ஆகியவை பற்றிய நூல்களில் இவ்விழப்பு நூலின் விலையோடு நின்றுவிடுவதில்லை.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருள்கள், சேவைகள் பற்றிய தவறான விளம்பரங்களுக்குத் தண்டம் விதிக்க வகைசெய்கிறது. முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் நிகழ்ந்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம்.